ஏழு கிழமை மருந்துக்குக் கையெழுத்து மறுத்த மலரக்காவுக்கு

டென்மார்க்கின் ஓகூஸ் துறைமுகத்து மருந்துக் களஞ்சியத்தின் குளிரறையில் பத்தொன்பது ஆண்டுகள் நின்றும் நெஞ்சின் சூடு குறையாத பெருமாட்டியே! உயிர் காக்கும் மருந்தை உலகெங்கும் அனுப்பிவைத்த உழைப்பின் உருவே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய திருமதி யோகமலர் அந்தோனிதாசன் அவர்களே! பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

அச்சம் என்று எழுதியதற்குச் சிரிக்க வேண்டாம். வெப்பமானியில் ஒரு பாகை கூடினாலும் தங்கள் குரல் களஞ்சியத்தின் மறுமுனை வரை கேட்கும். ஆயினும், காய்ச்சலோடு வேலைக்கு வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் பங்கையும் சேர்த்துச் செய்தவர் தாங்களே!

கடந்த ஆண்டை எங்ஙனம் மறப்போம்! வைகாசியில் ஊரில் போர் முடிந்தது. தங்கை இராசலட்சுமி உயிரோடு இருக்கிறாரா என்று அறிய ஐம்பத்திரண்டு நாள் காத்திருந்தீர்கள். வவுனியாப் பக்கத்து முகாமொன்றிலிருந்து அவர் முதன்முதல் அழைத்துச் சொன்னதைத் தேநீர் இடைவேளையில் எங்களிடம் சொன்னீர்கள்.

"பிள்ளைக்கு வயித்தோட்டம் எண்டு, ஆரோ தருமத்துக்கு அனுப்பின மருந்தைக் குடுத்திருக்கினம். போத்திலைத் திருப்பிப் பாத்தாத் திகதி எப்பவோ முடிஞ்சிட்டுதாம்."

பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அதே ஆண்டு பன்றிக்காய்ச்சல் உலகெங்கும் பரவிற்று. வசதி படைத்த நாடுகள் தடுப்பூசியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள, ஏழை நாடுகள் வரிசையின் கடைசியில் நின்றன. சென்ற மார்கழித் தொடக்கத்தில்தான் ஆபிரிக்காவின் சிறு நாடொன்றுக்கு அனுப்ப வேண்டிய நன்கொடைத் தடுப்பூசி எங்கள் களஞ்சியத்துக்கு வந்தது. பனிக்கட்டிப் பொதி வைத்துப் பெட்டிகளை மூடியும் ஆயிற்று. சரிபார்த்து அனுப்புபவரான தங்கள் கையெழுத்து ஒன்றே பாக்கி.

தாங்களோ கடதாசிகளை ஒவ்வொன்றாக வாசித்தீர்கள். மருந்து காலாவதியாக ஏழு கிழமையே, நாற்பத்தொன்பது நாளே, இருந்தது. தலைநகரிலிருந்து மலைக்கிராமங்களுக்குக் கொண்டு சேர்க்கப் பத்துக் கிழமை வேண்டும் என்று அந்நாட்டு அதிகாரி எழுதிய கடிதமும் அதே கடதாசிக் கட்டுக்குள் இருந்தது. அடுத்த அறையில், இங்கத்தைய தேவைக்கென வைத்த புதிய பெட்டிகள் ஊசி போட ஆட்கள் வராமல் அசையாது கிடந்தன.

"இதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றீர்கள்.

இவ்விடத்தில் எங்கள் குற்றத்தையும் எழுதியாக வேண்டும். கூட வேலை செய்யும் குருசுமுத்து கெஞ்சினார்: "அக்கா, மூண்டு மாசத்தில பென்சன். ஏன் உந்தச் சோலி? கண்ணை மூடிக்கொண்டு வைச்சிட்டுப் போங்கோ."

"கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறதெண்டா என்னை ஏன் இதில நிப்பாட்டி வைச்சிருக்கினம், முத்து?"

நாங்கள் தலையைக் குனிந்தோம். ஒருவர்கூடத் தங்கள் பக்கம் வந்து நிற்கவில்லை.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் ஹென்றிக் அவர்கள், இனி வருவதை மறைக்காமல் எழுதும்படி தாமே கேட்டுக்கொண்டார். இலவசமாகக் கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள் என்று அன்று அவர் கடிந்தார். தங்களைப் பெட்டி கழுவும் பகுதிக்கு மாற்றினார். கையொப்பமிட வேறொருவர் கொப்பன்ஹேகனிலிருந்து வரும்வரை மருந்து காத்திருந்தது. மூன்று நாள் பெட்டி கழுவினீர்கள். நான்காம் நாள் காலை, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்தப் பத்துக் கிழமைக் கடிதத்தை அவர் மேசையில் வைத்தீர்கள்.

"இதில் தொலைபேசி எண் இருக்கிறது. அவர்களிடமே ஒருமுறை கேளுங்கள்" என்றீர்கள்.

கேட்டார். கதவு திறந்திருந்தது; ஒலிபெருக்கியில் வந்த அந்தப் பெண் அதிகாரியின் குரல் எங்களுக்கும் கேட்டது. ஏழு கிழமையில் மருந்து மலைக்கிராமங்களை எட்டாது, குழி தோண்டிப் புதைக்கத்தான் வேண்டிவரும் என்றார் அவர்.

"அப்படியென்றால் ஏன் மறுக்கவில்லை?"

"இந்த முறை மறுத்தால், அடுத்த முறை எங்களைக் கேட்கவே மாட்டார்கள், ஐயா."

பெட்டிகளை மாற்றி அனுப்ப அனுமதி கேட்டு, ஹென்றிக் அவர்கள் அன்றே மேலிடத்துக்கு எழுதினார். பதினொரு நாளில் அனுமதி வந்தது. ஏழு கிழமைப் பெட்டிகளை இங்கத்தைய ஊசி நிலையங்கள் எடுத்துக்கொள்ள, புதியவை ஆபிரிக்காவுக்கு விமானமேறின. தங்கள் பழைய இடத்துக்குத் தங்களை அழைத்து வந்து, பேனையைத் தங்கள் கையில் கொடுத்தவரும் அவரே!

நேற்றுத்தான் செய்தி வந்தது. கடைசி மலைக்கிராமத்திலும் தாதியருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஊசி போட்டாயிற்றாம்.

அன்புக்குரிய அக்கா! அன்று தங்களைத் தனியே நிற்க விட்டதற்காக, சபையறிய மன்னிப்புக் கேட்கிறோம். நோய் நொடி அணுகாமல், நல்ல நித்திரையும் நல்ல சிரிப்பும் நீங்காமல், அன்புக் கணவரோடு நீடூழி வாழ்வீராக! இனி இந்தக் குளிரறையில் எவரேனும் ஒருவர் "மாட்டன்" என்று சொன்னால், மற்றவர்கள் அவர் பக்கத்தில் போய் நிற்போம்.

இங்ஙனம்,
குருசுமுத்து, நிக்கலஸ், தேவமலர்
மற்றும் குளிரறைப் பணியாளர்கள்

ஓகூஸ், டென்மார்க்
26.03.2010