குளிருக்குப் பழக்குதல்

தக்காளி நாற்றுக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. என் வீட்டு ஜன்னலோரத்தில் இப்போது ஏழு நாற்றுத் தட்டுகள் இருக்கின்றன. இந்த விசாரணை எத்தனை நாள் இழுத்தாலும், யாராவது இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் அரை டம்ளர் ஊற்றினால் போதும். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நேற்று எழுதிய 'மறதி' என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

நான் தலைகீழாகப் படிப்பேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். மேஜைக்கு அந்தப் பக்கம் எழுதுவதைப் படிக்காமல் அந்த வேலையில் பிழைக்க முடியாது. 'வயது காரணமான மறதி. உள்நோக்கம் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மனதோடுதான் எழுதினீர்கள். பேசாமல் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பேன். ஆனால் உறைபனி விழும் என்று தெரிந்த ஒரு சாயங்காலம் எதையோ வெளியே மறந்து வைத்தவள் என்று என்னைப் பற்றி ஒரு காகிதம் இருப்பதை என்னால் தாங்க முடியாது. இருபத்திரண்டு வருடமாகத் தோட்டம் போடுகிறேன். ஒரு நாற்றைக்கூட நான் வெளியே மறந்ததில்லை.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்கிறேன். என் கணவருக்கு அக்கா. வீடு அவள் பேரில் இருந்தது; அவளுடைய அப்பா அப்படி எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் என் கணவரும் போன பிறகு, அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எதிரில் 'அண்ணி, நீங்க' என்பேன். மனதுக்குள் 'அவள்'. இப்போது எதிரில் யாரும் இல்லாததால் அவள் என்றே சொல்கிறேன்.

தோட்டம் என்றால் அவளுக்கு இளக்காரம். "மண்ணைக் கிளறுற நேரத்துல ஜன்னலைத் தொடைச்சா வீடாவது வெளங்கும்" என்பாள். பின்வாசல் படியைத் தாண்டி அவள் இறங்கி நான் பார்த்ததில்லை. போன வருடம் இலை உதிரும் காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சக்கர நாற்காலி வந்தது. மாடி ஏற முடியாது என்று கீழே பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். அந்த வீட்டிலேயே நல்ல வெயில் விழுகிற ஒரே ஜன்னல் அந்த அறையில்தான் இருக்கிறது. என் நாற்றுத் தட்டுகள் வருடாவருடம் அங்கேதான் இருக்கும். அவளுக்காக அவற்றை இடம் மாற்ற நான் தயாராக இல்லை.

இந்த வருடம் தொடக்கமே கோணல். குளிர் குறைந்ததுபோல் ஒரு வாரம் போக்குக் காட்டியது. அதை நம்பிப் பட்டாணி ஊன்றினேன். எலி தோண்டித் தின்றுவிட்டது. வெங்காயப் பாத்தியைப் பக்கத்து வீட்டுப் பூனை தன் கழிப்பறையாக்கியது. ரோஜாவுக்குக் கவாத்து செய்யும்போது கத்தரியின் சுருள்கம்பி தெறித்து எங்கேயோ விழுந்தது, இன்னும் கிடைக்கவில்லை. இதெல்லாம் சகஜம். தோட்டக்காரிக்கு முன்கோபம் ஆகாது. திரும்ப ஊன்றினேன், பாத்தி மேல் முள் பரப்பினேன், பழைய கத்தரியைத் தீட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலையில் பார்த்தால் தக்காளி நாற்றுகள் மொத்தமும் தலைசாய்ந்து கிடந்தன. தண்டு மண்ணோடு ஒட்டுகிற இடத்தில் நூலாக இளைத்துவிட்டது. ஈரம் அதிகமானால் அப்படித்தான் அழுகும். தட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய டம்ளர் இருந்தது.

"தட்டுல என்ன ஊத்துனீங்க அண்ணி?"

"தண்ணிதான். வாடின மாதிரி இருந்துச்சு, பாவம்னு ஊத்துனேன்."

"நான்தான் காலையில ஊத்திட்டேனே."

"எனக்கெப்படித் தெரியும்? நீ எங்கிட்ட வாயைத் தொறந்து ஏதாவது சொல்றியா?"

பாவம் என்று ஊற்றினாளாம். இருபத்திரண்டு வருடமாகச் செடியைக் கரித்துக்கொட்டியவளுக்கு ஒரே நாளில் பாவபுண்ணியம் தெரிந்துவிட்டதாம். அறுபது நாற்றில் ஒன்றே ஒன்று நிமிர்ந்து நின்றது. அதை மட்டும் எடுத்து ஒரு சின்னத் தொட்டியில் தனியாக நட்டேன். மீதியைக் குப்பையில் கொட்டிவிட்டு, புது மண் நிரப்பி, திரும்ப விதைத்தேன். ஏழு தட்டிலும் அந்தத் தொட்டியிலும் 'தொட வேண்டாம்' என்று அட்டை எழுதிச் செருகி, அதை அவள் கட்டில் பக்கம் திருப்பிவைத்தேன். அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"எனக்குன்னே எழுதியிருக்க போல."

ஆமாம் என்றேன்.

இரண்டாவது முறை நாற்று நன்றாக வந்தது. ஜன்னலுக்குள்ளேயே வளர்ந்த நாற்றை நேரே கொண்டுபோய்த் தோட்டத்தில் நட்டால் செத்துவிடும். அதைக் குளிருக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் பத்து நிமிடம் வெளியே வைத்து எடுப்போம். மறுநாள் இருபது. அப்படியே நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, மேலே போட்ட மூடுதுணியையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவோம். வெயில் இறங்கும் முன்னால், நான்கரை மணிக்கு, எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். இதில் அவசரப்பட்டாலும் தப்பு, சோம்பினாலும் தப்பு. நோட்டுப் போட்டு எழுதித்தான் செய்வேன்.

அதே வாரத்தில்தான் அவளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ரொம்ப வெளுத்துப் போயிட்டாங்க. தினமும் கொஞ்ச நேரம் வெளியில உக்கார வைங்க. மொதல்ல பத்து நிமிஷம் போதும். அப்புறம் மெதுவா கூட்டிக்கலாம்."

சொல்லப்போனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெரிந்த வேலை. தட்டுகளை வெளியே வைத்த அன்றே அவளையும் படிக்குக் கீழே இறக்கி, சுவரோரம் தட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கம்பளி இரண்டு, சால்வை ஒன்று, காலுறை, குல்லா. பத்து நிமிடம். அவளும் எதிர்க்கவில்லை. குனிந்து குனிந்து தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைத் தொடலாம் என்று நோட்டம் விடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் மதியம் பின்பக்கக் கதவு வழியாகக் கொத்தனார் ஒருவர் வந்தார். படியிலிருந்து மதில்வரை நாடாவைப் பிடித்து அளந்தார். என்ன ஏது என்று கேட்டதற்கு, "உள்ள இருக்கற அம்மாதான் போன் பண்ணி வரச் சொன்னாங்க. நாலடி அகலத்துக்கு சிமெண்ட் பாதை" என்றார். நாலடி என்றால் வெங்காயப் பாத்தி போய்விடும். பட்டாணி போய்விடும். மூன்று ரோஜா, ஒரு திராட்சைக் கொடி. அந்தக் கொடி என் கணவர் வைத்தது.

உள்ளே போய்க் கேட்டேன்.

"எனக்கும் அந்தப் பக்கம் வரணும்ல? கடைசிவரைக்கும் படியோரம் உக்காந்து எட்டிப் பாக்கவா?"

"இத்தனை வருஷம் வராதவங்களுக்கு இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"இத்தனை வருஷத்துல வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா நீ? வீடு என்னுது. இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கக்கிழமை வேலை ஆரம்பிக்குது."

இவ்வளவுதான் பேச்சு. சத்தம் போடவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. எனக்குள் மட்டும் ஒன்று பற்றிக்கொண்டது. அதை வெறுப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள், நாசூக்காக வேறு பெயர் வைக்க வேண்டாம்.

என் நோட்டு உங்களிடம் இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பத்தி இருக்கும். இரண்டுமே செடியைப் பற்றியது என்று நினைத்து, நேற்று நீங்கள் புரட்டிவிட்டு மூடிவிட்டீர்கள். இப்போது திரும்பப் பாருங்கள். இடப்பக்கம் தட்டுகள். வலப்பக்கம், 'ஐந்தாம் நாள், ஒரு மணி நேரம், ஒரு கம்பளி எடுத்தாயிற்று.' 'ஏழாம் நாள், ஒன்றரை மணி, காலுறை இல்லை. இருமல்.' 'எட்டாம் நாள், குல்லா இல்லை.' எந்த ஊரிலாவது நாற்றுக்குக் குல்லா போடுவார்களா.

"குளிருது" என்றாள் ஒன்பதாம் நாள்.

"பழகிடும் அண்ணி" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நாற்றும் முதலில் இலையைச் சுருட்டத்தான் செய்யும். அந்த வாரம் வந்த பயிற்சிப் பெண் அவள் கன்னத்தைப் பார்த்து நல்ல நிறம் வந்திருக்கிறது என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனாள். அது காய்ச்சல்.

சனிக்கிழமை காலையில் எழுந்ததுமே தெரிந்துவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்று அசையவில்லை. அப்படி இருந்தால் அன்று ராத்திரி உறைபனி நிச்சயம். வானொலியிலும் சொன்னார்கள். இரண்டு மணிக்கு வெயில் நன்றாக இருந்ததால் தட்டுகளையும் அந்தச் சின்னத் தொட்டியையும் வெளியே வைத்தேன். அவளையும் வைத்தேன். கம்பளியை மடித்து உள்ளேயே வைத்துவிட்டேன். சால்வை மட்டும் இருந்தது. நாற்காலியின் சக்கரத் தடையை இரண்டு பக்கமும் அழுத்திவிட்டேன். படி ஒன்றுதான், ஆனால் அவளால் அதைத் தனியாக ஏற முடியாது. அந்தப் பக்கம் எங்கள் மதிலும், மதிலுக்கு வெளியே பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கும் தவிர வேறு கிடையாது. இதையெல்லாம் யோசித்தேனா என்று கேட்பீர்கள். யோசித்தேன்.

நான்கரை மணிக்குத் தட்டுகளை எடுக்கத் தொடங்கினேன். ஒரு தடவைக்கு ஒன்று, ஏழு நடை. பட்டாணிக்கு மூடுதுணி போட்டு ஓரத்தில் கல் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தச் சின்னத் தொட்டியைக் காணோம். முதல் விதைப்பில் பிழைத்த ஒற்றை நாற்று. பலகைக்கு அடியில் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். பூனையோ என்றுகூட நினைத்தேன்.

"இங்க ஒரு சின்னத் தொட்டி இருந்துச்சு. பாத்தீங்களா?"

அவளுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. சால்வையை உடம்பைச் சுற்றிப் போர்த்தாமல், மடியில் பந்தாகச் சுருட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல என்னை உள்ள கொண்டு போ. அப்புறம் சொல்றேன்."

பேரம் பேசினாள். அதுவும் என் செடியை வைத்து. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

கூப்பிட்டாள், என் பெயரைச் சொல்லித்தான். அதற்கு முன் எப்போது என் பெயரைச் சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. பிறகு மோதிரம் போட்ட விரலால் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டினாள். நாலைந்து தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி நாலைந்து தட்டு. நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பாத்திகளில் குத்திவைக்கிற பெயர் அட்டைகளை எழுதினேன். தக்காளி, முள்ளங்கி, பீன்ஸ். பத்தொன்பதாவது அட்டை எழுதும்போது தட்டல் நின்றது. அந்த அட்டையில் எழுத்துக் கொஞ்சம் கோணிவிட்டது. அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அப்புறம் படுத்துத் தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் கதவைத் திறந்தேன். புல்லெல்லாம் வெள்ளை. பட்டாணிக்கு ஒன்றும் ஆகவில்லை, மூடுதுணி காப்பாற்றியிருந்தது. அவளைப் பார்த்தேன். பிறகு மருத்துவருக்குப் போன் செய்து, "உள்ள கூட்டிட்டு வர மறந்துட்டேன்" என்று சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது திருத்துகிறேன். நான் மறக்கவில்லை. நாற்றை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அவளை வேண்டுமென்றே வெளியே விட்டேன். கொல்லத்தான் விட்டேன். எழுதியதும் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் ஆட்கள் அவளைத் தூக்கும்போது மடியிலிருந்த சால்வையைப் பிரித்தார்கள். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. இருந்த ஒரே சால்வையையும் நாலு சுற்றுச் சுற்றி, வயிற்றோடு சேர்த்து அணைத்து வைத்திருந்தாள். உள்ளே அந்தச் சின்னத் தொட்டி. இலையில் ஒரு கருகல் இல்லை. மூன்றாவது இலைகூட விரியத் தொடங்கியிருந்தது. உங்களோடு வந்த இளம் காவலர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

அந்தத் தொட்டி இப்போது உங்கள் அலமாரியில் இருக்கிறதாம். அதை வெளிச்சத்தில் வையுங்கள். தொட வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் வைத்திருந்தேன். உயிர் போகிற நேரத்திலும் என் செடியை அவள் விடவில்லை பாருங்கள், என்மேல் அவ்வளவு வன்மம்.