இன்னும் கொஞ்சம் தெளிவா சொல்லு

ஹலோ... நான்தாம்மா. ஆமா, ஆமா, செல்லை இப்பத்தான் ஆன் பண்ணினேன். பிரின்சிபால் ரூம்ல மாட்டிக்கிட்டேன்... இரு, கத்தாத. உங்கப்பா ஆஸ்பத்திரில இருக்காரு, தெரியும். டாக்டர் பார்த்துக்குவாரு. முதல்ல உன் புருஷன் சொல்றதக் கேளு.

என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க.

...ம். இன்னையோட. பேச்சு, தகவல் தொடர்புன்னு பாடம் நடத்த இனிமே வாத்தியார் வேண்டாமாம், மெஷின் போதுமாம்... பிரின்சிபால்தான் சொன்னான். என் பழைய மாணவன்! கெட்ட செய்திய எப்படிச் சொல்றதுன்னு நான் நடத்தின பாடத்த எங்கிட்டயே ஒப்பிச்சான். முதல்ல பாராட்டு, அப்புறம் பெருமூச்சு, நடுவுல செய்தி, கடைசில கைகுலுக்கல். கண்ணப் பார்த்துப் பேசணும்பேன்ல, பாவி இமைக்கவே இல்ல. முழு மார்க் போடலாம்.

...வேற காலேஜா? எல்லா இடத்திலயும் இதே கதைதான். கணக்கு எழுதறவனுக்கு வேலை போகும், பேச்சு சொல்லித் தர்றவன மெஷின் அசைக்க முடியாதுன்னு போன மாசம் மேடையேறி முழங்கினேன். என்னா கைதட்டல்!

கோட்டு மாட்டிக்கிட்டு என் வகுப்பையெல்லாம் ரெக்கார்ட் பண்ணக் குடுத்தேனே... உலகமே கேக்கப் போகுதுன்னு வீட்ல குதிச்சேனே... அந்தக் குரலத்தான் அந்த மெஷினுக்குள்ள போட்டிருக்காங்க. காலையிலேருந்து அதுதான் வகுப்பெடுக்குது, பேப்பர் திருத்துது, என் மேசை போனையும் எடுக்குது. என்னை மாதிரியே தொண்டையச் செருமிட்டு ஆரம்பிக்குது.



...என்னது, காலையிலயே பேசினோமா? நாமளா?... காலேஜ் நம்பர்லயா?... இல்லம்மா. அது நான் இல்ல. இப்ப சொன்னேன்ல, அதுதான்... அதுகிட்ட என்ன சொன்ன?

...

ஐயோ. மாமாவா?

...நேத்துகூட என் தொப்பையப் பார்த்து கிண்டல் பண்ணினாரேம்மா... சத்தியமா எனக்குத் தெரியாது... உங்கப்பா போயிட்டாருன்னு சொன்னதுக்கு அது என்ன சொல்லிச்சு?

..."நல்லா சொன்ன, இன்னும் கொஞ்சம் தெளிவா சொல்லு"ன்னா?

...நீ திரும்பச் சொன்னியா?... அழுகைய அடக்கிக்கிட்டு... நிறுத்தி நிறுத்தி... அப்புறம்?... "வேற ஏதாவது சந்தேகம் இருக்கா"ன்னு கேட்டுச்சா. வகுப்பு முடிக்கறப்ப நான் கேக்கறதாச்சே, அடப்பாவிங்களா.

...சரி... சரிம்மா... திட்டு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அது நான் இல்லன்னு உனக்குத் தோணவே இல்லையா? கொஞ்சம்கூட?

...

வீட்லயும் நான் அப்படித்தான் பேசுவேனா?

...இப்பவா? இப்ப நான்தாம்மா. வண்டி நிறுத்தற இடத்துல, கையில அட்டைப்பெட்டியோட நிக்கறேன்... எப்படி நம்ப வைக்கிறது உன்னை... இந்தா, மூக்கு உறிஞ்சறது கேக்குதா? அதுக்கு இத யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

நீ சொல்லும்மா. தெளிவா வேண்டாம். அழுதுக்கிட்டே சொல்லு, முன்னப் பின்ன சொல்லு. நான் குறுக்க வரல.

...ம்... ம்... உன் கையப் பிடிச்சுக்கிட்டேதான் போனாரா?... ம்... என்னையத் தேடினாரா... ம்...

...ம். அழாதம்மா. இதோ கிளம்பிட்டேன். வேற ஏதாவது சந்தேகம்...

ஐயோ, இல்ல இல்ல! வாய்ப் பழக்கம்மா, நான்தான்... வெச்சிடாத... நான்தாம்மா...

ஹலோ?