முதல் டோக்கன்

அஞ்சாம் வகுப்புதான் படித்தேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கணும். மறதியும் உண்டு. காலையில் கராச்சர்மா பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தானாம்.

“அவருக்குப் பல்லைப் பிடுங்கினா ரத்தம் நிக்காதுக்கா.”

“யாருக்குடி?”

“நேத்து திக்லிபூர்ல இருந்து வந்த தாத்தாவுக்கு. பாரத்துல என்ன மாத்திரை சாப்பிடுறாங்கங்கிற கட்டத்தைக் காலியா விடக்கூடாதுன்னாங்க, ‘இல்லை’ன்னு எழுதிட்டேன். அப்புறம் வாசல்ல நின்னு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன்னு ஹிந்தியில சொன்னாரு. திருத்த மறந்துட்டேன். இன்னைக்கு மத்தியானம் ஊருக்குக் கப்பல்னு கெஞ்சினாரேன்னு முதல் டோக்கனும் குடுத்துட்டேன்.”

“நல்ல மனசுடி உனக்கு. கிளினிக்குக்குப் போன் போடு.”

“அடிச்சுக்கிட்டே இருக்கு. அதை எடுக்கிற ஆளே நான்தான்க்கா.”

“டாக்டருக்கு?”

“கையுறை மாட்டிட்டா போனைத் தொட மாட்டாரு. ஒன்பதரைக்கு ஆரம்பிச்சுடுவாரு.”

“வேலை போயிடுமேன்னு பயமா?”

“வேலை கிடக்கட்டும்க்கா.”

லம்பா லைன் பக்கம் நெரிசலில் வண்டிகள் நின்றுவிட்டன. சின்னவள் இறங்கி கிளினிக்கைப் பார்த்து ஓடினாள். அப்போது மணி ஒன்பது இருபது இருக்கும், சரியாகப் பார்த்தேனோ என்னவோ. அந்தக் கிளினிக் தெரிந்தவர்கள், பெரியவர் கப்பல் ஏறினாரா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.