கம்பா, குழலா

காலை ஐந்தே முக்காலுக்கு முன்னால் ஏரியைப் பார்த்துப் பயனில்லை. பனி மூடியிருக்கும். ஐந்தே முக்காலுக்கு நீர்மட்டக் கம்பத்தில் இருக்கும் எண்கள் தெரியும். ஆறு மணிக்கு அக்கரை தெரியும். பத்தொன்பது வருடமாக அந்த ஜன்னல் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வரிசை மாறியதில்லை.

நீரேற்று நிலையம் என்று பலகையில் எழுதியிருக்கும். எல்லாருக்கும் அது பம்ப் ஹவுஸ். இரண்டு மோட்டார். ஒன்று ஓடும், மற்றது ஓய்வெடுக்கும். மணிக்கொரு தடவை நீர்மட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். பின்சுவரை ஒட்டிக் குடியிருப்பு. நானும் மனைவியும். குழந்தைகள் இல்லை. மோட்டார் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். அது நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

வேலைக்கு மேல் இன்னொன்றும் செய்துவந்தேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. மீன் முட்டையிடும் இரண்டு மாதம் ஏரியில் யாரும் எதையும் போடக் கூடாது. மற்ற மாதங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். சின்னக் கண் வலை கூடாது. அக்கரைக் காட்டில் வேட்டை எப்போதுமே கூடாது. இதையெல்லாம் பெரிய பலகையில் எழுதி, கீழே வனத்துறையின் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பலகையை எல்லாரும் படித்திருக்கிறார்கள். எண்ணைக் கூப்பிட்டவன் நான் ஒருவன்தான்.

பதினோரு வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று தகவல். நோட்டு உங்களிடம் இருக்கிறது. தேதி, நேரம், இடம், கண்டது. "போல இருந்தது" என்று ஒரு வரியில்கூட இருக்காது. நான் கண்டதைத்தான் எழுதுவேன்.

அந்த எண்ணில் பேசும் பெண்ணை நான் பார்த்ததில்லை. குரல் பழக்கம். "பம்ப் ஹவுஸ் சாரா? சொல்லுங்க சார்" என்பாள். இடத்தைக் கேட்பதற்கு முன்பே ஒன்று கேட்பாள். "கம்பா, குழலா சார்?"

அது அவர்கள் வழக்கு. கம்பு என்றால் தூண்டில், மீன் பிடிக்கிறவன். குழல் என்றால் துப்பாக்கி, வேட்டைக்காரன். கம்புக்கு ஒரு காவலர் மோட்டார் சைக்கிளில் அபராதச் சீட்டோடு வருவார். குழலுக்கு ஜீப் வரும். நான்கு பேர். அவர்கள் கையிலும் குழல் இருக்கும். யாரை அனுப்புவது என்பதை அந்த ஒரு சொல் முடிவு செய்யும். வேகமான முறை. நான் அதை மதித்தேன்.

என் தம்பி என்னைவிட ஒன்பது வயது சின்னவன். லிஃப்ட் பழுது பார்ப்பவன். இயந்திர அறைகளிலேயே இருந்து இடது காது கேட்காமல் போயிருந்தது. ஒரு தரம் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இரண்டாவது தரம்தான். மற்றபடி அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. யாராலும் அவனிடம் கோபமாக இருக்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வருவான். எங்கள் ஜன்னலுக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவான். முட்டையிடும் மாதங்களிலும் போடுவான். அந்த மாதங்களில்தான் அதிகம் கிடைக்கும் என்பான். ஏழு மணிக்கு மீனோடு சமையலறைக்கு வருவான்.

"அண்ணி, அடுப்பைப் பத்த வைங்க. அண்ணன் நோட்டைத் தொறக்கிறதுக்குள்ள இது சட்டிக்குப் போயிடணும்."

மனைவி சிரிப்பாள். மீனுக்குள் முட்டை இருக்கும். அதைத் தனியாக வறுப்பாள். நானும் சாப்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களைப் பேனாவில் எழுதினேன். அவனைப் பென்சிலில் எழுதினேன். அவனைப் பற்றிப் பல வருடம் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அது மட்டும்தான் என் தவறு என்று இப்போதும் நினைக்கிறேன்.

சவரக் கடைக்காரரை நான் ஒரு தடவை வலையோடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் வேறு கடை இல்லை. அதனால் அவரிடமேதான் போவேன். போன மார்ச்சில் ஒரு நாள், கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, உங்க வீட்டு மீன் முள்ளையெல்லாம் எங்க போடுறீங்க?"

"எதுக்குக் கேக்குறே?"

"சும்மாதான். ஊரையே போட்டுக் குடுக்கிறீங்க. உங்க வீட்டுப் பூனை உங்களைப் போட்டுக் குடுத்திடப் போவுதேன்னு ஒரு கவலை."

பெஞ்சில் காத்திருந்த இருவர் சிரித்தார்கள். கத்தி இருந்ததால் நான் தலையை அசைக்கவில்லை.

அந்த ஞாயிறு தம்பியிடம் சொன்னேன். இரண்டு மாதம் மட்டும் வேண்டாம் என்றேன்.

"அண்ணே, நீ எனக்கு அண்ணனா, ஏரிக்கு அண்ணனா?"

"விளையாடாதே. எல்லாரும் பேசுறாங்க."

"அப்ப என் பேரையும் எழுதிக்க. பிழையில்லாம எழுது. என் பேரை நீ எப்பவும் தப்பாத்தான் எழுதுவே."

அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். கம்பு என்றேன். காவலர் வந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி எழுந்து நின்றான். ஏதோ சொன்னான். காவலர் சிரித்தார். அவர் அம்மா இருக்கும் அடுக்கு மாடியில் தம்பிதான் லிஃப்ட் சரி செய்தவனாம். காவலர் பாறையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தூண்டிலை அவரே பிடித்துக்கொண்டார். சீட்டுப் புத்தகம் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஏழு மணிக்குத் தம்பி மீனோடு வந்தான். "எவனோ போட்டுக் குடுத்திருக்கான் அண்ணி. காவலருக்கே ஆள் யாருன்னு தெரியலையாம்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மனைவி கதவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாள் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. மீனைச் சாப்பிட்டேன். பிறகு நோட்டைத் திறந்து நூற்று நாற்பத்திரண்டாவது பக்கத்தைப் பார்த்தேன். அதற்கு முந்தைய எல்லாப் பக்கத்திலும் கடைசி வரி ஒன்று இருக்கும். அபராதம், அல்லது வழக்கு. இந்தப் பக்கம் முடியாமல் நின்றது. முடியாத பக்கத்தோடு ஒரு நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்று வாரம் கழித்து அக்கரைக் காட்டில் வேட்டைக்காரர்கள் ஒரு காவலரைச் சுட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். கை போய்விட்டது. நான் விசாரிக்கக் கூப்பிட்டபோது அந்தப் பெண் தாழ்ந்த குரலில் பேசினாள். "எல்லாரும் பயந்து போயிருக்காங்க சார். இனிமே குழல்னா ஒரு தரம்தான் சத்தம் குடுப்பாங்க. ரெண்டாவது தரம் கூப்பிட மாட்டாங்க. நீங்க ஜன்னல்கிட்ட நிக்காதீங்க சார்." என்மேல் அக்கறையோடுதான் சொன்னாள். அவளை இதில் சேர்க்க வேண்டாம்.

தம்பியின் தூண்டில் கம்பு இரண்டு துண்டாகக் கழலும். அதை வைத்திருந்த துணிப்பை அந்த வாரம் கிழிந்துபோயிருந்தது. "அண்ணே, உன்கிட்ட வீணாப் போன பைப்பு ஏதாச்சும் கிடக்குமே" என்றான். கிடந்தது. அளந்து அறுத்தேன். இரண்டு முனைக்கும் மூடி போட்டேன். தோளில் மாட்ட ஒரு வார் வைத்தேன். குழாய் வெள்ளை. வெள்ளை தண்ணீரில் பளிச்சென்று தெரியும், மீன் மிரளும் என்று சொல்லி, மோட்டார் அடித்தளத்துக்கு வாங்கிய கறுப்புப் பெயிண்டை இரண்டு பூச்சு அடித்தேன். நன்றாக வந்திருந்தது.

"பொறந்ததிலேருந்து நீ எனக்காகச் செஞ்ச மொத வேலை இதுதான் அண்ணே" என்றான். தோளில் மாட்டிக்கொண்டு சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினான்.

"சிப்பாய் மாதிரியே இருக்கீங்க தம்பி" என்றாள் மனைவி. அது அவள் வாயிலிருந்து வந்தது. நான் சொல்லவில்லை.

மீன் இப்போது அக்கரை ஓரம் நிற்கிறது என்று நான்தான் சொன்னேன். நின்றது உண்மை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அந்த ஞாயிறு ஆறு மணிக்கு அக்கரை தெரிந்தது. ஆறு ஐந்துக்கு மரங்களுக்குள்ளிருந்து ஒருவன் வெளியே வந்தான். நான் கூப்பிட்டேன்.

"கம்பா, குழலா சார்?"

"தோள்ல கறுப்புக் குழல்" என்றேன்.

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

"தெரிஞ்ச முகமா சார்?"

"முகம் தெரியலைம்மா."

முகம் தெரியவில்லைதான். முதுகு தெரிந்தது.

ஜீப் ஆறு முப்பத்தைந்துக்கு வந்தது. அதுவரை அவன் மீன் நிற்கும் இடம் தேடிக் கரையோரமாக நடந்துகொண்டிருந்தான். சத்தம் கொடுத்தார்கள். ஒரு தரம். தண்ணீர் மேல் அது எனக்கே கேட்டது. அவன் திரும்பவில்லை. அவன் குனிந்து தோளிலிருந்து குழாயை இறக்கிக்கொண்டிருந்தான். மூடியைத் திருகியிருப்பான். மூடி கொஞ்சம் இறுக்கம். இரண்டு கையும் வேண்டும். பிறகு இன்னொரு சத்தம். அக்கரைப் பறவைகள் எல்லாம் எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

ஏழு மணிக்கு நீர்மட்டம் பதினெட்டு அடி நாலு அங்குலம். எழுதினேன். பிறகு பென்சில் வரிகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதினேன். பெயரைப் பிழையில்லாமல் எழுதினேன். இருபத்தாறு இடம். மனைவி உள்ளே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வெறும் சட்டியோடு காத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் காணோமே தம்பியை" என்று ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனாள். வரும் என்றேன். வருவான் என்று சொல்லவில்லை. தகவல் வரும் என்ற பொருளில் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவள் பெயிண்ட் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அது வெள்ளைக் குழாய்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கேட்டதற்கு நான் பொய் சொல்வதில்லை. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு டப்பாவோடு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

சுட்ட காவலர் சின்னப் பையன் என்றும் சாப்பிடாமல் கிடக்கிறான் என்றும் சொன்னீர்கள். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. அந்தப் பெண்மேலும் இல்லை. அவர்கள் தங்கள் முறைப்படி செய்தார்கள். குழாயை அறுத்தது நான். கறுப்பு அடித்தது நான். அக்கரைக்கு அனுப்பியது நான். ஒரு தரம்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு தரத்துக்கு அவன் திரும்ப மாட்டான் என்பதும் தெரியும். அவன் சாக வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் செய்தேன். கொலை என்று நீங்கள் எழுதியிருப்பது சரி.

நீங்கள் படித்துக் காட்டியதில் மூன்றாவது வரியில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. "தவறான தகவல் கொடுத்து" என்று இருக்கிறது. பதினோரு வருடத்தில் நான் ஒரு தவறான தகவல் கொடுத்ததில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.