ஐஸ் ரூம் காவல்

மதிய வெயிலில் எண்ணூர் பஸ் கொதித்துக்கொண்டிருந்தது. முன் சீட்டில் காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்தவர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எங்க அண்ணனுக்கு இப்பல்லாம் வெயிலே ஆவறதில்ல மாமு."

"இன்னாச்சு?"

"காசிமேட்டாண்ட மூடிக்கெடக்குற ஐஸ் கம்பெனில ஒர்த்தன் கஞ்சா செடி போட்டான். குளிரும் ஈரமும் இருந்தாதான் வளர்ற ஒட்டு ரகமாம். அண்ணன்தான் காவல். வாசனை வெளிய தெரியக்கூடாதுன்னு வாசல் பூரா கருவாடு கட்டி வச்சிகீறாரு."

"பூனைங்க வுடாதே."

"அதான் பேஜாரு. ஒரு பூனையும் கிட்ட வர்ல."

பஸ் தண்டையார்பேட்டையைத் தாண்டியது.

"நேத்து சோறு எடுத்துகினு போனேன். கதவ தொறந்ததும், 'சாத்துடா, செடிங்க வாடிடும்'னு கத்துறாரு. குனிஞ்சி குனிஞ்சி தண்ணி தெளிச்சிகினு கீறாரு."

"கரீட்டுதானே? வெயிலு பட்டா வாடத்தானே செய்யும்."

"இன்னா செடி மாமு? போலீசுக்கு பயந்து, வச்சவனே எல்லாத்தயும் புடுங்கி கடல்ல போட்டு ஒரு மாசமாவுது. அன்னிக்கே குளுர வெக்கிற ஐஸ் மிஷினயும் நிப்பாட்டிட்டான்."

கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஆனா உள்ள இன்னும் ஜில்லுன்னுதான் கீது."