வயரின் மறுமுனையில் சிவராசா

பொம்மர் விமானம் தாழப் பதிகிறது. "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" பின்னாலிருந்து சிவராசா கத்துகிறான். வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே மண்ணில் விழுகிறார்கள். நானும் விழுகிறேன். கமெரா ஓடுகிறது. ஒரு வெடி. கையில் ஒரு இழுப்பு. படம் நின்றுவிட்டது.

போருக்குள் எங்கள் ஊர்ச் சனம் எப்படிச் சீவிக்கிறது என்று நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை. கமெரா கார் பட்டறியில்தான் ஓடியது. பட்டறியை முதுகில் சுமந்தவன் என் கூட்டாளி சிவராசா. எங்களுக்கு இடையில் ஒரு வயர். நான் திரும்பினால் அவனும் சுற்றி எனக்குப் பின்னால் வந்துவிடுவான். பகிடிக்காரன். "கயித்திலை கட்டின மாடு மாதிரி என்னை இழுத்துக்கொண்டு திரியிறாய்" என்பான்.

அன்று பாரத்தோடு அவனால் சட்டென்று படுக்க முடியவில்லை. குண்டுச் சிதறல் பட்டு அவன் சாய்ந்தபோது வயர் அறுந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ரொறொன்ரோவில் இருக்கிறேன். அவன் மனைவி மலரும் மகளும் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவன் சாகும்போது மகள் வயிற்றில். பிறகு வீடு எரிந்தது. கல்யாணப் படங்கள் இருந்த அல்பமும் எரிந்தது.

"அண்ணை, உங்கடை கசெற்றிலை அவர் இருப்பார்தானே? பிள்ளைக்கு ஒருக்கால் முகத்தைக் காட்டவேணும்."

"ஓம்" என்றேன். அவ்வளவு காலம் கூடத் திரிந்தவன், எங்காவது இருப்பான் என்றுதான் நானும் நம்பினேன்.

ஊர்க் கசெற் இங்கத்தைய டெக்கில் ஓடாது. அஜின்கோர்ட்டில் ஒரு வீடியோக் கடையில் கொடுத்து மாற்றி எடுத்தேன். மலரின் அப்பார்ட்மென்டில் போட்டோம். கிணற்றடி வந்தது. தேர் வந்தது. மரத்தடிப் பள்ளிக்கூடம் வந்தது. ஆம்பிளை யாரைக் கண்டாலும் மகள் கேட்டாள். "உவரோ அப்பா?"

மலர் இல்லையென்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஊர் முழுக்க இருந்தது. அவன் மட்டும் இல்லை.

கடைசிக் கசெற். வெங்காயத் தோட்டம். இரைச்சல். "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

மலர் எழுந்துவிட்டாள். "பிள்ளை, அப்பா! அப்பான்ரை குரல்!"

திரை கறுத்தது.

"திருப்பிப் போடுங்கோ, அண்ணை."

போட்டேன். அவன் மறுபடி கத்தினான். மகள் சோபாவிலிருந்து இறங்கினாள். காப்பெற்றில் குப்புறப் படுத்தாள். அப்பா சொன்னதைக் கேட்டாள். நாங்கள் இருவரும் வாய்விட்டு அழுதோம்.

அன்று தோட்டத்தில் படுத்த பெண்கள் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இழந்தவை ஒரு பட்டறி, ஒரு வயர். இழந்தது ஒருவனை. சிவராசா. முகம் எங்கும் இல்லை.