வாழைக்காக ஆட்டிய மாவு

எனக்கு எழுத்துதான் அரைகுறை, காது கூர்மை. பண்ருட்டி பஸ்ஸில் முன்சீட்டில் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மூணு நாளா மாவாட்டி கையே வீங்கிப்போச்சுக்கா."

"வூட்ல விசேஷமா?"

"அதெல்லாம் இல்லக்கா. பூமிக்குள்ள பைப்பு எங்க ஒழுகுதுன்னு, கம்பிய ஊணி காத வச்சுக் கேட்டுக்கினு ஒரு ஆளு வந்தாரு. ஒழுக்க அடைச்சுட்டா என் வாழைக்கு ஏது தண்ணி? அவரு காத வைக்கறப்பல்லாம் நான் ஆட்டுக்கல்ல கடகடன்னு சுத்துனேன்."

"கெட்டிக்காரிடி! போயிட்டாரா?"

"நேத்து கம்பியக் கீழ போட்டாரு. 'பக்கத்து வூட்டு வாழையெல்லாம் காஞ்சு கெடக்குது, உங்களுது மட்டும் குலை தள்ளியிருக்குது. இதுக்குக் காது எதுக்கும்மா?'ன்னு அங்கியே தோண்டி அடைச்சுட்டாரு."

சொன்னவள் வீங்கிய கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, சாயங்காலம் குண்டான் எடுத்துக்கினு வாங்க. மாவு பொங்கி வழியுது."